நாற்பத்தேழாம் நம்பரின் காலிக் கட்டங்கள்

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வரை எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ரத்த அழுத்தத்துக்கான ஒரு புது மாத்திரையைப் பற்றிய ஆய்வு அது. லண்டனில் பலரை இரண்டு வருடம், மாதம் ஒருமுறை அளந்திருந்தோம். ஆளுக்கொரு கோடு வரைந்து பார்த்தால், மாத்திரை சாப்பிட்டவர்களின் கோடுகள் அழகாக இறங்கின. சிலர் சில மாதங்கள் வரவில்லைதான். அதற்கென்ன? வந்த மாதங்களை வைத்து வராத மாதங்களை ஊகிக்கப் புள்ளியியல் மாடல் இருக்கிறது. மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட நான், முப்பது வருடமாக அப்படிப்பட்ட மாடல்களை வைத்துத்தான் பிழைக்கிறேன். கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாற்பத்தேழாம் நம்பர் மட்டும் உறுத்தியது. பெயர் எனக்குத் தெரியக் கூடாது, நம்பர்தான். வந்தால் நல்ல அளவு, இல்லையென்றால் அட்டவணையில் காலிக் கட்டம். ஒருமுறைகூட ஏறவில்லை. அளவெடுக்கும் யாழ்ப்பாணத்து நர்ஸ் வதனியிடம் காட்டினேன்.

"ஆரெண்டு தெரியும் அண்ணை. நல்ல மனுசி. கேட்டுப் பாக்கிறன்" என்று போன் போட்டாள். நானும் கேட்பதை அவரிடம் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"போன மாதம் ஏன் அன்ரி வரேல்லை?"

"வீட்டு மெஷினில பிரஷர் கூடிக் காட்டினது பிள்ளை. குறைஞ்ச நாளாப் பாத்துத்தான் நான் வாறனான்."

"ஏன் அப்பிடி?"

"கூடின நம்பரை எழுதினா உமக்கெல்லே மேலிடத்தில பேச்சு விழும். என்னை எவ்வளவு அன்பாப் பாக்கிறீர், உம்மை மாட்டிவிட ஏலுமே?"

"இண்டைக்கு எவ்வளவு அன்ரி?"

"நூற்றித் தொண்ணூறுக்கு மேல. தலையும் இடிக்குது. குறையட்டும், வாறன்."

"குறையும் வரைக்கும் இருக்காதேங்கோ! இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நானும் வாறன்."

குளிருக்கான கோட்டை மாட்டிக்கொண்டு வதனி ஓடினாள். நான் ரிப்போர்ட்டை நிறுத்தினேன். வராத எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டோம். உடம்பு முடியாமல் இருந்ததால் வரவில்லை என்றவர்களே அதிகம். மோசமான நாட்களெல்லாம் அந்தக் காலிக் கட்டங்களில்தான் இருந்தன. அதையும் கணக்கில் எடுத்தால், மாத்திரையின் பலன் நாங்கள் நினைத்ததில் பாதிகூட இல்லை. இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றார் மேலதிகாரி. வெட்கமாக இருந்தது.

அந்த அம்மாவுக்கு மருந்தை மாற்றிச் சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் அளக்க வந்தார். அளவு இன்னும் அதிகம்தான். வதனி எழுதும்போது மெல்லக் கேட்டாராம்:

"பேச்சு விழாதே பிள்ளை?"

"விழாது அன்ரி. கூடினாலும் வாங்கோ. நீங்கள் வந்தாக் காணும், அதுவே போதும்."

இதைச் சொன்னபோது வதனி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டம் காலியாக இருந்தால் ஊகிப்பதற்கு முன்னால் போன் பண்ணுங்கள். அந்தப் பக்கம் ஒருவர் தலைவலியோடு, உங்களுக்காகப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம்.