வெளுத்துப்போன டிராகன் நாணயம்

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனித் துணியை வெளுத்துக் கொடுத்த சலவைப் பட்டறை மாஸ்டர் அவர். டீ கிளாஸைக்கூடச் சட்டைப்பையிலிருக்கும் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்த பிறகே வாய் வைப்பார்.

சீனப் பேரரசர் காலத்து வெள்ளி நாணயம் சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். பல வருடம் தேடி, டிராகன் பொறித்த அசல் நாணயம் ஒன்றை வாங்கியிருந்தார். கோயம்புத்தூர் நாணயக் கண்காட்சிக்கு அதைக் காட்டப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்.

அங்கிருந்த நாணய வியாபாரி லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ஆசிட்ல போட்டீங்களா?"

"ஆமாங்க. கருப்பா இருந்துச்சுங்க."

"காலங்காலமாத் தானாப் படிஞ்ச அந்தக் கருப்புக்குத்தானுங்க மதிப்பே. இனி இது வெறும் வெள்ளிதானுங்க."

வெளியே வந்ததும் மாஸ்டர் என்னிடம், "அழுக்குன்னு நெனச்சுட்டனுங்க" என்றார்.

பஸ்ஸில் பனியன் வேஸ்ட்டை எடுத்து, அதே நாணயத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். போதுமென்று சொல்ல நினைத்தேன். இனிக் கெடுவதற்கு அதில் என்ன இருந்தது?