மூன்று லிட்டர் நீலம்

வாடிக்கையாளர் பேசி முடிப்பதற்குள் அக்கா ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, உட்புறத்தில் எக்ஸ் என்று எழுதியிருப்பார். "தெரியாதது எதுவோ அதுக்கு மொதல்ல ஒரு பேர் வைங்க. பேர் வெச்சாத்தானே கூப்பிட்டா வரும்?" என்பார். பெயிண்ட் கடையில் நிறம் கலப்பது அவர் வேலை; அதே கடைக்கு வண்டி ஓட்டுவது என் வேலை. உடன்பிறந்தவர்தான் என்றாலும் கடைக்குள் நுழைந்துவிட்டால் 'நீங்க, வாங்க' என்றுதான் பேச வேண்டும்.

அவருடைய நகக்கண்களில் நாளுக்கொரு நிறம் இருக்கும். வீட்டில் நாலு பேருக்குப் போடும் டீயை ஏழு பேருக்குப் போட வேண்டி வந்தால் அதற்கும் விகிதம் பார்ப்பார். இவ்வளவுக்கும் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவர். முப்பத்தாறு வயதில், மகள் தேர்வெழுதிய அதே வருடம் தானும் போய் உட்கார்ந்தார். மகளுக்கு எண்பத்தொன்று, அம்மாவுக்கு எண்பத்து நாலு. மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் குழந்தைகள் மருத்துவமனையில் புது வார்டுக்குப் பெயிண்ட் கொண்டுபோனோம். மூன்று சுவர்கள் முடிந்திருந்தன. நீலம் இரண்டு பங்கு, வெள்ளை ஐந்து பங்கு. நாலாவது சுவருக்குக் கலக்கும்போது பெயிண்டர் தவறுதலாக ஒன்றுக்கு நாலு என்று டிரம்மில் இருபத்தைந்து லிட்டரும் கலந்துவிட்டார். ஓர் ஓரத்தில் துளி தொட்டு அடித்துப் பார்த்தால் அந்த இடம் வெளுத்துக் கிடந்தது. அந்த நீலத்தைக் கம்பெனி நிறுத்திவிட்டது. எங்கள் கடையில் மிச்சம் இருந்து நாங்கள் கொண்டுபோனது நாலே லிட்டர்.

"ஒரு பங்கு ரெண்டாகணும். டிரம்முல நீலம் அஞ்சு இருக்கு, இன்னும் அஞ்சு வேணும். நாலை வெச்சு என்ன பண்றது? நாலு சுவரையும் வேற நிறத்துல மறுபடி அடிக்க வேண்டியதுதான்" என்றார் பெயிண்டர்.

தலைமை நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில பன்னெண்டு குழந்தைங்களை இங்க மாத்தணும்யா!"

அக்கா அட்டையைக் கிழித்தார். "அண்ணே, அஞ்சு வேணாம்."

"முப்பது வருஷமா பிரஷ் பிடிக்கிறேன். எனக்கே கணக்கா?"

"கோவிச்சுக்காதீங்க, கேளுங்க. டிரம்முல வெள்ளை இருபது. அது மாறப்போறதில்ல. ஊத்தப்போற நீலம் எக்ஸ். அப்ப மொத்த நீலம் அஞ்சும் எக்ஸும். வெள்ளை அஞ்சுன்னா நீலம் ரெண்டு. வெள்ளை இருபதுன்னா?"

பெயிண்டர் விரல் விட்டு எண்ணினார். "எட்டு."

"அஞ்சு ஏற்கெனவே இருக்கு."

"மூணு..." என்று இழுத்தவர், அட்டையை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். "மூணு போதுமா? நம்ப முடியலையே."

ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. அக்கா மூன்று லிட்டரைச் சொட்டு கூடாமல் குறையாமல் அளந்து ஊற்றினார். பெயிண்டர் கலக்கினார், நாலாவது சுவரில் அடித்தார்.

மதியம் சுவர் காய்ந்தது. தலைமை நர்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாவது சுவரும் நாலாவது சுவரும் சேரும் மூலையில் மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்றார். "இதுல எதுங்க இப்ப அடிச்சது?" என்றார். முப்பது வருட பெயிண்டரும் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அக்கா நீலம் படிந்த இரண்டு விரல்களால் கடைச்சட்டையின் காலரை மெல்லத் தூக்கிவிட்டுக்கொண்டார்.