கிண்ணத்தின் அடிப்பக்கம்

ராஜபாளையத்தில் ஞானதுரையை விருந்துக்கு அழைப்பவர்கள் எவர்சில்வர் டம்ளரில்தான் பாயசம் கொடுப்பார்கள். கண்ணாடியில் எதைக் கொடுத்தாலும் குடித்து முடித்ததும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டார். "இது நேத்து வார்த்தது" என்று அவர் சொல்லிவிட்டால், சீமைச் சாமான் என்று நம்பியிருந்த வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

முப்பத்தொரு வருடம் நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். நூலின் முடிச்சையும் தடிப்பையும் கண்டுபிடித்த விரல், ஓய்வுக்குப் பிறகு பழைய அச்சுக் கண்ணாடியின் பக்கம் திரும்பியது. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு மேலிருந்து அழுத்தி எடுத்தால் அச்சுக் கண்ணாடி. அச்சில் ஒரு சொட்டை இருந்தால், அதில் பிறக்கிற ஒவ்வொரு பாத்திரத்திலும் அந்தச் சொட்டை இருக்கும். அதையெல்லாம் தடவிப் பார்த்த பின் ஞானதுரை அடிப்பக்கத்துக்கு வருவார். மேசையில் பல வருடம் வைத்து எடுத்த பாத்திரத்தின் அடியில் பொடிக் கீறல்கள் படிந்திருக்கும். பூவேலை பொய் சொல்லும், கீறல் சொல்லாது என்பது அவர் சித்தாந்தம்.

பன்னிரண்டு வருடம் முன்பு தன் சபையின் ஞானஸ்நானக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்து, "இங்கிலாந்து. நூறு வருசத்துக்கு மேல" என்றார். இங்கிலாந்துக் கிண்ணம் என்றால் கொண்டுவந்தவர் ஒருவர் வேண்டுமே. சபையார் தேடி ஒரு மிஷனரியைக் கண்டெடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் பெயர் அழிந்த கல் ஒன்று சும்மா கிடந்தது, அது அவருடையதாயிற்று. கிண்ணத்துக்கு மரப்பெட்டி, பெட்டியில் பித்தளைத் தகடு, தகட்டில் 'ஆய்ந்து உறுதிசெய்தவர்: திரு. ஞானதுரை'. ஞாயிறுதோறும் அவர் அந்தத் தகட்டைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு போவார்.

இந்த வருடம் சபைக்கு நூற்றிருபத்தைந்து. விழா மலரில் கிண்ணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, செயலாளர் தேவநேசன் அவரிடம் கட்டுரை கேட்டார். எழுதுமுன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று, பெட்டிச் சாவி வாங்க, சபையின் கோயிலைத் துப்புரவு செய்யும் இன்பத்தின் வீட்டுக்குப் போனார் ஞானதுரை.

அடுப்பு மேடையில் அதே கிண்ணம் இருந்தது. உள்ளே கல்லுப்பு.

விரல் தானாகப் போயிற்று. நான்காவது பூவின் ஓரத்தில் கடுகளவு சொட்டை. சபைக் கிண்ணத்திலும் அதே இடத்தில் உண்டு.

"இது ஏது, இன்பம்?"

"சீவில்லிபுத்தூர் ஆடித் தேருக்குப் போனப்ப வாங்குனது, அண்ணாச்சி. நாப்பது வருசம் இருக்கும். ஜோடியாத்தான் தருவேன்னுட்டான், இந்திக்காரன். ஒண்ண வீட்டுக்கு வச்சுக்கிட்டு ஒண்ணக் கோயிலுக்குக் குடுத்துட்டேன்."

"தகடு அடிக்கும்போது ஏன் சொல்லல?"

"நீங்க பாத்துச் சொல்லிட்டீகளே. நான் குடுத்தது ஒடைஞ்சுபோயி வேற வச்சிருக்காக போலன்னு இருந்துட்டேன். கழுவுறவகிட்ட யாரு கேட்டா?"

உப்பைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தார். அடி வழுவழுவென்று இருந்தது. "இதுல கீறலே இல்லையே."

"உப்புக் கிண்ணத்த யாரு தேய்க்கா? கோயில் கிண்ணத்த அப்படி விடலாமா? சனிக்கிழமை சனிக்கிழமை செங்கல் பொடி போட்டு அடியத் தேச்சிருவேன். மேல தேச்சா பூ மழுங்கிரும்லா."

இங்கிலாந்தின் மேசைகள் நூறு வருடத்தில் செய்திருக்க வேண்டியதை இன்பத்தின் பக்தி, அவர் அதைக் கவிழ்த்துப் பார்க்குமுன்பே, முப்பதுக்குள் முடித்துக் கொடுத்திருந்தது.

மூன்று நாள் யோசித்தார். சொல்லாவிட்டால் பிழை மலரில் ஏறும். சொன்னால் தகட்டிலுள்ள பெயர் கேலிப்பெயராகும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அதில் நேர்மை பாதி. வேறு யாரும் கண்டுபிடிக்குமுன் தானே கண்டுபிடித்தவராக இருக்கவேண்டும் என்பது பாதி.

தேவநேசன் பொறுமையாகக் கேட்டார். "அச்சு இங்கிலாந்துல இருந்து வந்திருக்கலாம்லா, அண்ணாச்சி?"

"வந்திருக்கலாம். கிண்ணம் வரல."

"மிஷனரி கல்லறைக்கு டைல்ஸ் ஒட்டியாச்சு. இப்பப் போயி, நீரு யாருய்யான்னு அவர்ட்ட கேக்கவா?"

"அப்ப என் பேரையாவது எடு."

"எடுத்தா யாரு சொன்னதுன்னு கேப்பாக. ஒங்களுக்கு வயசாயிருச்சு. ஒரு கண் டாக்டரப் பாத்துட்டு வாங்க. தகட்டுல இருக்க ஞானதுரைக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுது."

மலர் வந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு அவர் சொன்னது அப்படியே இருந்தது. கீழே அவர் பெயர் சற்றுப் பெரிய எழுத்தில். பிழையாகச் சொன்னபோது நம்பியவர்கள், சரியாகச் சொன்னபோது அவர் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

வாங்கிப் போன பெட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, இன்பத்தின் உப்பு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியிருந்தது. கிண்ணம் டி.வி.க்குப் பக்கத்தில், ஒரு துண்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

"ரெண்டும் ஒரே அச்சுன்னா இதுவும் இங்கிலாந்துதானாம். செயலாளர் சொன்னாக."

"நீதானே தேர்க் கடையில வாங்குன?"

"வாங்குனது நாந்தான். அவன் எங்க வாங்குனானோ, யாரு கண்டா?"

ஞானதுரை பழக்கதோஷத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்தார். "அடி புதுசா இருக்கு, இன்பம். யாரும் நம்பமாட்டாக."

அவள் அடியை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்ப இதையும் செங்கல் பொடி போட்டுத் தேய்க்கட்டா?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு துண்டின் மேல் மெல்ல வைத்தார்.

"பூவுல படாமப் பாத்துக்கோ" என்றார்.