பழுதில்லாத கோப்பை

விருத்தாசலத்தில் ஒரு வீட்டில் காப்பி குடித்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான் என்கிற சேதி, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் ஜெயமேரியின் காதுக்கு வந்தது. சொன்னவள் பக்கத்து சீட்டில் மடியில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்த பாஞ்சாலை. பாஞ்சாலைக்குச் சொன்னது அவள் நாத்தனார். நாத்தனாருக்கு யார் சொன்னார்களோ, அதைக் கேட்கிற நிலைமையில் ஜெயமேரி இல்லை.

"பீங்கான் கம்பெனியில வேலை பாக்குறவரு வூடாம். நல்லா உபசாரம் பண்ணி உக்கார வச்சி காப்பி குடுப்பாங்களாம். குடிச்சிட்டு எழுந்தா காலு நம்மளுது இல்லையாம்."

"யாரு வூடாம்?"

"பேரு தெரியலக்கா. வேதக்காரங்க. அந்த அம்மாதான் என்னமோ வசியம் வச்சிருக்குதாம்."

ஜெயமேரி கழுத்தில் கிடந்த சிலுவையை மெல்ல ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள்.

"இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருத்தரு போனாராம். மனுசன் சாவைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாராம், அப்படியே சாஞ்சிட்டாராம். சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கல. அந்த அம்மா தலைக்குத் தலகாணி வேற வச்சிதாம். என்னா நெஞ்சழுத்தம் பாருங்க!"

"அடப்பாவமே," என்றாள் ஜெயமேரி. தலையணை வைத்தது நிஜம். உறை கூட மாற்றித்தான் வைத்தாள்.

வசியம் எதுவும் இல்லை. மாத்திரைதான். அவள் புருஷன் அமிர்தசாமிக்கு வாங்கிய மாத்திரை.

அமிர்தசாமி கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிறவர். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கோப்பையில், பசை போலக் கரைத்த மண்பாலைத் தொட்டுத் தடவி, கைப்பிடியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. இருபது வருஷமாக அந்த அழுத்து பிசகியதில்லை. அப்புறம் ஒருநாள் காதுக்குள் யாரோ பேச ஆரம்பித்தார்கள். அந்த ஆள் சொல்லித்தான் ஜங்ஷனுக்குப் போய், வந்து நின்ற முதல் ரயிலில் ஏறினார். அரியலூரில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

ஜெயமேரியின் தம்பி ஜூடு வேன் பேசினான். "வேளாங்கண்ணிக்குப் போறோம் மாமா" என்று சொல்லித்தான் ஏற்றினான். அமிர்தசாமியும் வழியெல்லாம் மாதா பாட்டு பாடிக்கொண்டே வந்தார். இறங்கிய இடத்தில் மாதாவும் இல்லை, கடலும் இல்லை. கம்பி போட்ட ஒரு கட்டிடம் இருந்தது. அங்கே கட்டிலோடு கட்டி வைத்து ஊசி போட்டார்கள். திரும்பி வந்தபிறகு காதுக்குள் பேச்சு குறைந்திருந்தது. ஆனால் மாத்திரை என்று யார் நீட்டினாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. வேளாங்கண்ணி என்று சொன்னாலே வீட்டை விட்டு இறங்கமாட்டார்.

மாத்திரை நின்றால் மறுபடி ரயில்தான் என்பது ஜெயமேரியின் பயம். அடுத்த தடவை அரியலூரோடு நிற்கும் என்று என்ன நிச்சயம்? மருந்துக் கடைக்காரர்தான் வழி சொன்னார். "காப்பியில கலந்து வுட்டுடுங்கம்மா. எல்லா வூட்லயும் அப்படித்தான் நடக்குது."

இதில் கோப்பை மாறிவிடக் கூடாதே என்று அவள் ரொம்பவும் யோசித்தாள். அவர்கள் வீட்டில் இருப்பதெல்லாம் கம்பெனியில் கழித்துக் கட்டிய செகண்ட்ஸ். ஒன்றுக்கு விளிம்பு நெளிந்திருக்கும், ஒன்றுக்கு மெருகில் கரும்புள்ளி, நாலைந்துக்குக் கைப்பிடி கோணல். கிறிஸ்மஸுக்கு மேஸ்திரி கொடுத்த ஒரே ஒரு கோப்பைதான் பழுதில்லாதது. மாத்திரையை அதில் கலந்து அவருக்கு வைத்துவிட்டால் மாறுவதற்கு வழியே இல்லை. தன் புத்தியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது அந்தப் பெருமையில் எங்கேயோ ஓட்டை விழுந்திருப்பது தெரிந்தது. எங்கே என்றுதான் புரியவில்லை.

மறுநாள் பங்குக் கோயில் உபதேசியார் கிளமெண்ட் வந்தார். முகம் சரியில்லை. போன வாரம் தனக்கோடி வீட்டுத் துக்கத்தில் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தவர், மாலையின் இரண்டாம் பத்து மணிகளை உருட்டி முடிக்குமுன்பே தூங்கிப்போனார். செத்தவரும் இவரும் ஒரே மாதிரி அசையாமல் இருந்ததைப் பார்த்து, வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாளாம். துக்க வீட்டுக்குப் போகுமுன் அவர் காப்பி குடித்தது இங்கேதான்.

"ஊர்ல என்னென்னமோ பேசுறாங்க அமிர்தசாமி. நான் நம்பல. அதான் நேர்ல வந்தேன்," என்றார்.

"வாங்க உபதேசியாரே, மொதல்ல காப்பி சாப்புடுங்க."

ஜெயமேரி இரண்டு கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போனாள். முறுக்குத் தட்டோடு திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பழுதில்லாத கோப்பை உபதேசியார் கையில் இருந்தது. கோணல் கைப்பிடி அமிர்தசாமி கையில்.

இருபது வருஷமாகக் கோப்பை செய்கிற மனிதன், வீட்டுக்கு வந்தவருக்குக் கோணல் கோப்பையில் கொடுப்பானா? கிழிந்த சட்டையோடு பூசைக்குப் போவது போல அல்லவா அது! வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், அவள் உள்ளே திரும்பியதும் அவர் கை தானாகக் கோப்பையை மாற்றி வைத்திருக்கிறது. ஏஜெண்டு, உபதேசியார், கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர் என்று வந்து போனவர்கள் எல்லாம் ஜெயமேரிக்கு வரிசையாக நினைவுக்கு வந்தார்கள்.

"குடிக்காதீங்க!"

பாய்ந்து பிடுங்கியதில் காப்பி உபதேசியாரின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

"எனக்குன்னு வச்ச காப்பியை அவரு குடிச்சா என்னா?" என்று கேட்டார் அமிர்தசாமி. கேட்டுவிட்டுக் கோப்பையின் அடியைப் பார்த்தார். வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மண்பாலில் வண்டல் பார்த்துப் பழகிய கண். "என்னா புள்ள இது?"

ஜெயமேரி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை.

"காப்பி கசக்குதேன்னு எத்தினி தடவ கேட்டேன். சிக்கரி கூடிப்போச்சுன்னு சொன்ன. சரி, நாக்கும் கெட்டுப்போச்சு, நமக்கு முத்திடுச்சுன்னு நெனச்சேன்."

ஜெயமேரி கீழே சிதறிய முறுக்கைத் தட்டில் பொறுக்கிப் போட்டாள்.

"காதுக்குள்ள ஒருத்தன் பேசுறான்னு சொல்வேன் இல்ல? காப்பியில என்னமோ கலக்குறாங்கன்னு அவன் தெனம் சொன்னான். அவன் பேச்சைக் கேக்காதீங்கன்னு நீ சொன்ன. இப்பப் பாத்தா இந்த வூட்ல அவன் ஒருத்தன்தான் உண்மை பேசியிருக்கான்."

"உங்களையாவது கட்டிக்கிட்ட பொண்டாட்டி ஏமாத்துச்சு," என்றார் சட்டையைப் பிழிந்துகொண்டே உபதேசியார். "எனக்கு நோயே இல்ல. என்னை யாரு கேட்டாங்க?"

பங்குப் பள்ளிக்கூடத்தில் மாதம் ஒருமுறை மனநல முகாம் நடக்கும். அங்கே டாக்டர் அம்சவல்லியிடம் அமிர்தசாமியை அழைத்துப் போனது உபதேசியார்தான். கிளம்புமுன் அமிர்தசாமி ஒன்றைத்தான் கேட்டார். "போற எடத்தை உள்ளபடி சொல்றீங்களா?"

"பள்ளிக்கூடம். ரெண்டாங் கிளாஸ் ரூம். பெஞ்சு கொஞ்சம் சின்னது."

"அப்ப வரேன்."

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்படி இருக்கீங்க அமிர்தசாமி?"

"பரவால்லைங்க டாக்டரம்மா, ராத்திரிதான் கொஞ்சம்..." என்றாள் ஜெயமேரி.

"தூக்கம் வருதா?"

"வருதுங்க. ஆனா..." மறுபடியும் ஜெயமேரி.

"ஏம்மா, உங்க பேரும் அமிர்தசாமிதானா?"

ஜெயமேரி வாயை மூடிக்கொண்டாள். மூடிவைப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

கலந்து கொடுத்த கதையைக் கேட்டபோது டாக்டர் முகம் மாறியது. "வந்தவங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா அவருக்குத் தெரியாம குடுத்தா அது வைத்தியம் இல்லம்மா."

"தெரிஞ்சா வேணாம்பாருங்களே."

"ஏன் வேணாம்னு யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டதில்லை. வேன் பேசிய ஜூடு கேட்கவில்லை, ஊசி போட்டவர்கள் கேட்கவில்லை, தானும் கேட்கவில்லை என்பது ஜெயமேரிக்கு அப்போதுதான் உறைத்தது.

அமிர்தசாமி இரண்டு கைகளையும் சின்ன பெஞ்சின் மேல் விரித்து வைத்தார். விரல் நுனிகள் லேசாக ஆடின. "ஆஸ்பத்திரி மருந்துல ஆரம்பிச்சிதுங்க. கைப்பிடி வைக்கும்போது ஆடுது. வூட்ல இருக்குற கோணல் கப்பு எல்லாம் என் கையால வந்ததுதான்."

டாக்டர் அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாத்திரையின் பேரைச் சொன்னார். அது என்ன செய்யும், கையை ஏன் ஆட்டும் என்று சொன்னார். கை அவ்வளவு ஆடாத வேறு மருந்து இருக்கிறது, அதில் உடம்பு பெருக்கலாம், ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மருந்தே வேண்டாமென்றால் என்ன வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. "இப்பவே சொல்ல வேணாம். யோசிங்க. வியாழக்கிழமை காலையில நானே போன் பண்றேன். சரின்னாலும் வேணாம்னாலும் நீங்கதான் சொல்லணும். வேணாம்னு சொன்னாலும் உங்களைப் பாக்காம இருக்க மாட்டேன். வேன் எதுவும் வராது."

"எனக்கு, டாக்டரம்மா?" என்றார் உபதேசியார்.

"நீங்க இனிமே அவங்க வூட்ல மோர் குடிங்க."

அந்த வாரம் முழுக்க ஜெயமேரி காப்பிக்குப் பக்கத்தில், சாசரில், எல்லாரும் பார்க்கும்படி மாத்திரையை வைத்தாள். ஒருநாள் அது காலியானது. ஒருநாள் அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்காமல் சாசரைக் கழுவி வைத்தாள். அவர் சட்டை மாட்டும்போதெல்லாம் ஜங்ஷன் பக்கம் ரயில் ஊதுகிறதா என்று காது போனது.

வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. முந்தின நாள் கம்பெனியிலிருந்து பச்சைக் கோப்பை ஒன்றையும் கைப்பிடி ஒன்றையும் டவுன் பஸ்ஸில் பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவற்றைத் தோட்டத்துப் பக்கம் பலகையில் வைத்துக் குந்தியிருந்தார்.

போன் அடித்தது.

ஜெயமேரி கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். "அவருக்கு முடியலைங்க, நான்தான் பேசுறேன்" என்கிற வார்த்தை போனை எடுக்குமுன்பே வாயில் வந்து நின்றது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அப்படிச் சொல்லியே பழக்கம். ரிசீவரைத் தொட்ட கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க! போனு!"

"யாருன்னு பாரு."

"உங்களுக்குத்தாங்க."



"கையெல்லாம் மண்ணு புள்ள. இப்பதான் கைப்பிடியை வச்சிருக்கேன். வுட்டா கோணிக்கும்."

அவள் எட்டிப் பார்த்தாள். அவர் கைப்பிடியின் மேல் விரலை அழுத்தி, தலையைச் சாய்த்து, விரல் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்கிற முகமா, வேண்டாம் என்கிற முகமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அடிக்கட்டும்," என்றாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, அடிக்கிற போனுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.