கெலிந்தானுக்கு ஒரு வீடு

எனக்கு நாய்களைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் பெயர் ஜெயபாலன். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலுமாக இருபத்திரண்டு வருடங்களாக வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கிறேன். ஈர சிமெண்டில் நடப்பதும் மணல் குவியலில் காலைத் தூக்குவதும் என் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றங்கள். அப்படிப்பட்ட நான் ஒரு நாயின் தோள் உயரத்தை டேப் பிடித்து அளந்து வீடு கட்டிக் கொடுத்தேன் என்றால், அதற்குக் காரணம் கார்த்திகேசு அண்ணன்தான்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் பிறந்தார். அங்கேயே குடும்பம் நடத்தினார். நான்கு வருடங்களுக்கு முன் மனைவி புஷ்பலதாவை அங்கேயே பறிகொடுத்தார். தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையையும் வெட்டிவிட்டு நிலத்தை விற்றார்கள். லயத்தில் மிச்சமிருந்த பதினோரு குடும்பங்களுக்கு டவுனுக்குப் பக்கத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு ஒன்றில் வரிசை வீடுகள் கிடைத்தன. மற்றவர்கள் சமையலறையைப் பெரிதாக்கவும் வாசலில் கார் நிறுத்தக் கூரை போடவும் என்னைக் கூப்பிட்டார்கள். இவர் மட்டும் ஒரு நாயையும் ஒரு பூனையையும் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு என்னைத் தேடி வந்து இறங்கினார்.

"இவங்க ரெண்டு பேருக்கும் சரிப்பட்டு வரணும் பாலா. நான் எங்கனாச்சும் படுத்துக்குவேன்."

பூனையின் பெயர் தவுக்கே. முதலாளி என்று அர்த்தம். அது உட்காரும் தோரணையைப் பார்த்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நாயின் பெயர் கெலிந்தான். லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, சாமான் இறக்கி, லாரி பின்வாங்கும்போது கை காட்டுகிற ஆளை எங்கள் பக்கம் கெலிந்தான் என்போம். அண்ணனுடைய கடைசி ஆள் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டபோது, பீடோரில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் கிடைத்த குட்டியை அந்த இருக்கையில் உட்கார வைத்தார். தைப்பிங், பீடோர், தஞ்சோங் மாலிம் என்று ஒன்பது வருடம் அது அவரோடு போய்வந்தது. சாமான் மட்டும்தான் இறக்கவில்லை. இப்போது அதற்குப் பதின்மூன்று வயது. முகம் நரைத்துவிட்டது, கண்களில் வெள்ளை படர்ந்திருந்தது.

"கண்ணு தெரியுதாண்ணே இதுக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் மங்கல்தான். வீட்டுக்குள்ள ஜோரா போவான். நான் வர்ற சத்தம் கேட்டா ரூம்புலேர்ந்து நேரா வாசலுக்கு வந்து நிப்பான்லா. இடுப்புதான் வலிக்குது அவனுக்கு. படி தாண்டுறப்ப முனகுறான்."

அந்த இடுப்பு வலியை வைத்துத்தான் அவர் வீட்டைத் திட்டமிட்டார். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு எடுத்து வந்திருந்தார். படித்த இஞ்சினியர்கள் கொடுக்கிற வரைபடங்களில் பாதி எனக்கு எரிச்சலைத்தான் தரும். இவருடையது அப்படி இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

பளபளக்கும் மொசைக் கல் ஒன்றை நான் காட்டியபோது, அதைத் தரையில் வைத்து நாயை அதன்மேல் நிறுத்தினார். நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. சொரசொரப்பானதுதான் வேண்டும் என்றார். வீட்டைச் சுற்றியுள்ள லோங்காங்கை இரும்புக் கம்பி வலையால் மூடச் சொன்னார், நாய் சாக்கடையில் விழுந்துவிடக் கூடாதாம். பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம். நாயின் மூக்கு அந்தப் பக்கம் நீளாதபடி வேலியின் கீழ்ப்பாதியைப் பலகையால் அடைக்கச் சொன்னார். அவர்களிடம் முன்கூட்டியே போய்ப் பேசிவிட்டும் வந்திருந்தார். நாயைக் குளிப்பாட்ட முழங்கால் உயரத்தில் ஒரு குழாய். தவுக்கே உட்கார்ந்து தெருவைக் கண்காணிக்க ஜன்னலோரம் அகலமான பலகை. பின்வாசல் கதவின் கீழே நாய் போய்வர ஒரு சின்னத் தட்டிக்கதவு. அதற்காகத்தான் அதன் தோளை அளந்தேன். அளக்கும்போது அது என் கையை நக்கியது. கையைக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமானது. "படியே வேணாம் பாலா. நிலைப்படியும் வேணாம். முன்னுக்கேர்ந்து பின்னுக்கு வரைக்கும் ஒரே தரை."

"அண்ணே, குசினிக்கு ஒரு கட்டையாச்சும் வேணும். தண்ணி ஹாலுக்கு வந்துரும்."

"வந்தா தொடைச்சுக்குறேன்."

"சரி, வாசலுக்கு? நிலைப்படி இல்லாம மஞ்சள் குங்குமம் எங்க வைப்பீங்க?"

"வச்சவ போயிட்டா" என்றார்.

அப்படி ஒரு தரையை நான் அதுவரை போட்டதில்லை. ஒரு முனையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். படம் எடுத்து நான்கைந்து பேருக்கு அனுப்பினேன். தலைக்கனமும் கொஞ்சம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சினார்கள். அண்ணனின் ஒரே மகள் ஷர்மினி ஈப்போவிலிருந்து வந்து எல்லாவற்றையும் செய்து கொடுத்தாள். அவள் அங்கே ஒரு டயாலிசிஸ் மையத்தில் தாதி. விருந்தாளிகள் கிளம்பிய பிறகு தோட்டத்திலிருந்து பூனையையும் நாயையும் கொண்டு வந்தார்கள். தவுக்கே ஐந்தே நிமிடத்தில் ஜன்னல் பலகைக்குக் குடியேறிவிட்டது. கெலிந்தானை ஹால் நடுவில் இறக்கிவிட்டார்கள். நான்கு எட்டு வைத்தது, நின்றது. திரும்பிக் குளிர்பெட்டியில் முட்டிக்கொண்டது. பிறகு சுவரில் தலையை வைத்தபடி அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணன் போனில்தான் சொன்னார். நாய் சாப்பிடவில்லை. படுத்த இடத்திலேயே எல்லாம் போனது. செவ்வாய்க்கிழமை ஈப்போவில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனார். மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணும் போய் இரண்டு வருடமாவது இருக்கும் என்றாராம்.

"ரெண்டு வருஷம் பாலா. நான் கூடவேதான் இருந்தேன். எனக்குத் தெரியலை."

இதயமும் பலவீனமாக இருக்கிறது, இப்படியே சாப்பிடாமல் கிடந்தால் வாரக் கடைசிக்குள் ஊசி போட்டு அனுப்பிவைப்பதுதான் அதற்குச் செய்யும் நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஷர்மினி சனிக்கிழமைக்கு லீவு கேட்டிருந்தாள். அப்பாவைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், குசினித் தண்ணீர் ஹாலுக்கு வருகிறது, முடிந்தால் வந்து பார் என்றார்.

'அன்றைக்கே சொன்னேன்' என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பிடித்த வாக்கியம். வியாழக்கிழமை காலை அதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். நாய் ஹாலில் ஒரு பாயில் கிடந்தது. விலா எலும்புகளை எண்ணலாம்.

"பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டு எனக்குத் தேநீர் கலக்கக் குசினிக்குப் போனார். குசினி வாசலில் வலது காலை நன்றாக உயரத் தூக்கி, இல்லாத ஒன்றைத் தாண்டி உள்ளே வைத்தார்.

"அண்ணே, அங்க ஒண்ணும் இல்லண்ணே" என்று சிரித்தேன்.

"பழக்கம்லா" என்றார். அவர் சிரிக்கவில்லை.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க, வேனிலிருந்து ஒரு மரச் சட்டத்தை எடுத்து வந்து குசினி வாசலில் குறுக்கே வைத்தேன். உள்ளே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் சட்டம் வரைக்கும் வந்து நின்றது. அது போதும் எனக்கு, துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டேன். அதற்குள் அண்ணன் நாயை எழுப்பிப் பின்பக்கம் கூட்டிப்போகப் பார்த்தார். இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடத்தி வந்தார். அதன் முன்னங்கால் என் சட்டத்தில் இடித்தது.

நாய் நின்றது. தலையைக் குனிந்து தாடையை மரத்தில் வைத்தது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தாடையை உரசிக்கொண்டே போனது. பிறகு காலைத் தூக்கி, மரத்தில் படாமல் அந்தப் பக்கம் வைத்தது. ஒவ்வொரு காலாகத் தாண்டியது. பின்னங்காலுக்கு ஒரு முனகல். தாண்டியதும் இடது பக்கம் திரும்பி, எங்கும் முட்டாமல் நேராகப் பின்வாசல் கதவுக்குப் போய் நின்றது. லயத்து வீட்டிலும் குசினிக்குள் நுழைந்தால் பின்வாசல் இடது கைப் பக்கம்தான்.

அண்ணன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் திரும்பி வந்தது, சட்டத்தைத் தாண்டி ஹாலுக்கு வந்தது. அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் மறுபடியும் சுவரில் போய் முட்டியது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அங்க மூணு படி இருந்துச்சு பாலா. வாசல்ல ஒண்ணு, ரூம்புக்கு ஒண்ணு, குசினிக்கு ஒண்ணு. அத வச்சுத்தான் இவன் பாத்துருக்கான். நான் இவன் இடுப்பத்தான் பாத்தேன். இவனுக்கு இருந்த கண்ணையும் நானே புடுங்கிட்டேன்." சொல்லிவிட்டு அழுதார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர், என் முன்னால் அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பிடிக்காத பிராணிக்காக இப்படித் தரையில் உட்கார்ந்திருக்கிறேனே என்று கோபமும் வந்தது.

அது ஏன் மரத்தை மிதிக்காமல் தாண்டியது என்று கேட்டேன். நிலைப்படியை யாரும் மிதிக்கக் கூடாது என்பதில் புஷ்பலதா அக்கா கண்டிப்பானவராம். மகளானாலும் மாப்பிள்ளையானாலும் படியில் நின்றால் திட்டு விழும். குட்டியாக வந்த கெலிந்தான் படியில் கால் வைத்தபோதெல்லாம் விளக்குமாற்றால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். ஒரே மாதத்தில் அது கற்றுக்கொண்டதாம்.

"நாளைக்கே சிமெண்டுல மூணு படி கட்டித் தர்றேன்" என்றேன்.

"எதுக்கு சிமெண்டு? அங்க இருக்குல்ல" என்றார்.

இருவரும் என் வேனில் தோட்டத்துக்குப் போனோம். லயத்தின் கூரைத் தகரங்களைக் கழற்றி அடுக்கியிருந்தார்கள். திங்கட்கிழமை சுவர்களை இடிப்பதாக இருந்தது. அங்கிருந்த மேஸ்திரியிடம் கேட்டோம், எடுத்துக்கொள்ளச் சொன்னார். செங்கால் என்கிற கடின மரத்தில் செய்த படிகள். நடுவில் மட்டும் தேய்ந்து வழுவழுத்திருந்தன, நாயின் தாடை பட்ட இடமாக இருக்க வேண்டும். கடப்பாரை போட்டு நெம்ப அரை நாள் ஆனது. வாசல்படியில் மஞ்சள் மரத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. நான்கு வருடம் யாரும் பூசாமல் இருந்தும் நிறம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து, என் கையால் போட்ட தரையை நானே உடைத்தேன். கோலிக்குண்டு நிற்கிற தரை. வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய வீட்டில் படிகள் நான்கு அங்குல உயரம் நின்றன. அப்படியே வைத்தால் இடுப்பு தாங்காது. அதனால் தரையில் பள்ளம் வெட்டி, பாதி மரத்தைப் புதைத்து, இரண்டு அங்குலம் மட்டும் வெளியே தெரியும்படி வைத்தேன். தாடைக்குத் தட்டுப்படும், காலுக்குக் கஷ்டம் இருக்காது. இது மட்டும் என் யோசனை. வாசல்படி நிலையைவிடக் குட்டையாக இருந்தது. இடைவெளியைச் சிமெண்டால் நிரப்பினேன். குசினிப் படி நீளம், அதன் ஓரத்தை அரை அங்குலம் இழைத்தேன்.

வேலை முடிந்ததும் அண்ணன் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தார். "எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டே மூன்று படியிலும் விரலால் பூசினார். கோணல்மாணலாக இருந்தது. அக்கா பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

பிறகு நாயைத் தூக்கிப் போய் அறையில் படுக்க வைத்தார். வெளியே வந்து கேட்டைச் சாத்தினார். தெருவில் பத்தடி தள்ளிப் போய் நின்றார். வேலை முடிந்து வருகிற ஆள் மாதிரி நடந்து வந்து, கேட்டின் தாழ்ப்பாளைச் சத்தம் வரும்படி இழுத்து, ஒரு தடவை இருமினார்.

வீட்டுக்குள் எந்தச் சத்தமும் இல்லை. நான் வேனுக்குப் பக்கத்தில் சிமெண்டுக் கரண்டியும் கையுமாக நின்றேன். அவர் இன்னொரு தடவை இருமினார்.

மொசைக்கில் நகம் படுகிற சத்தம் கேட்டது. அறைப் படியில் நின்று, மறுபடி கேட்டது. ஹாலில் கொஞ்சம் தடுமாறியது போல இருந்தது. பிறகு நிலைப்படிக்கு மேலே அந்த நரைத்த முகம் தெரிந்தது. தாடையை மரத்தில் வைத்து மஞ்சளை மோந்தது. வெகுநேரம் மோந்தது. காலைத் தூக்கி, மிதிக்காமல், வெளியே வந்தது.

வந்து, கார் நிற்கும் இடத்தில் நான் அளந்து வைத்திருந்த மணல் குவியலைக் கண்டுபிடித்துப் பின்னங்காலைத் தூக்கியது. ஐந்து நாளாக அடக்கி வைத்தது போல நீண்ட நேரம் நின்றது. முடிக்கும் வரை நான் காத்திருந்தேன்.

கார்த்திகேசு அண்ணன் மஞ்சள் விரலால் கைப்பேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"ஷர்மினி, நாளைக்கு லீவு எடுக்க வேணாம்மா." அந்தப் பக்கம் அவள் என்ன கேட்டாளோ, அவர் தலையை ஆட்டினார். "இல்லம்மா, அதெல்லாம் இல்ல. வாசலுக்கு வந்துட்டான்."