ஆளில்லாத வீட்டில் ஜெபமாலை

கணினி என்றால் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். துபாயில் வேலை பார்க்கும் என் கணவர் போன விடுமுறையில் வந்து அந்த நினைப்பைக் கெடுத்தார். எல்லா அறைச் சுவரிலும் புளியங்கொட்டை அளவில் எதையோ ஒட்டினார். ஆள் அசைந்தால் விளக்கு எரியும், மின்விசிறி சுழலும். அசைவு இல்லாவிட்டால் தானே அணையும். எங்கும் இருக்கும், இருப்பதே தெரியாது, அதுதான் இதன் பெருமை என்று எங்கள் ஊர் தேங்காய்ப்பட்டணம் முழுக்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

அன்று மாலையே அது பெருமையைக் காட்டியது. எங்கள் வீட்டில் ஜெபமாலை என்றால் முழந்தாளிட்டுக் கல்லாகிவிட வேண்டும். சற்று நெளிந்தாலும் மாமியார் முறைப்பார். பாதி ஜெபத்தில் விளக்கும் மின்விசிறியும் நின்றன.

"கரண்டு போச்சா?" என்று மாமியார் கையை ஆட்டினார். வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இருட்டு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தோள் குலுங்கியதில் விளக்கு எரிந்து என்னைக் காட்டிக் கொடுத்தது.

"நாம ஜெபம் சொன்னா வீட்டுல ஆளில்லியாம்! நாளைக்கே இதக் களத்திப் போடணும் மக்ளே" என்றார் மாமியார்.

எனக்கும் அதே எண்ணம்தான். மறுநாள் காலை கணவரை அழைத்துச் சொன்னேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

"களத்தாத ஏட்டி. அங்க விளக்கு எரிஞ்சா எந்த ரூமுன்னு காட்டி எனக்க போனுல மணி அடிக்கும். சாயங்காலம் வேல முடிஞ்சு கேம்புக்குப் போற பஸ்ஸுல அது கேட்டா, நீங்க ஜெபத்துக்கு இருந்தாச்சுன்னு நானும் கண்ண மூடிக்கிடுவேன்."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மாமியாரிடம் சொன்னேன். அன்று மாலை, சுழலும் மின்விசிறிக்கு அடியில், அவர் ஒரு பனையோலை விசிறியோடு வந்து முழந்தாளிட்டார். ஜெபம் முடியும்வரை வீசிக்கொண்டே இருந்தார். இப்போது நாங்கள் எல்லோரும் தாராளமாக நெளிகிறோம்.

அன்று மாமியார் அதோடு விடவில்லை. ஜெபம் முடிந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய், கையைத் தூக்கிக் காட்டி, விளக்கு எரிந்த பிறகு அடுத்த அறைக்குப் போனார். சற்று நேரத்தில் கணவரே அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா என்னத்தத் தேடுகா? மணி நிக்கவே மாட்டங்கே!"

மாமியார் போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"ஒண்ணும் தேடல மக்கா. உன்ன வீட்டுக்குள்ள கூட்டிட்டு நடக்கேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் சொன்னார்: "அப்போ அடுக்களையில கொஞ்ச நேரம் கூட நில்லும்மா. எனக்குப் பசிக்கு."