பளபளத்த பிரேக் ஹோஸ்

பள்ளி ஆய்வகக்காரரின் மனைவி ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி நடைபாதையில் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இணையாக, ஆள் நடக்கும் வேகத்தில் தம் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தார் அவர்.

“ஏறிக்கோம்மா. இந்தத் தடவ நெஜமாவே சரி பண்ணிட்டேன்.”

“போன வாரமும் இதத்தான் சொன்னீங்க.”

எலும்பு முறிந்த கைக்கு வாரம் மூன்று நாள் மருத்துவமனையில் பயிற்சி. பேருந்து நெரிசலில் யாராவது இடித்தால் தீர்ந்தது. அதற்கென்றுதானே வீட்டில் கார் இருக்கிறது என்று அவர் பெருமையாக அழைத்துப் போனார். இரண்டாம் நாளே, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் இடது சக்கரம் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டது. கார் ஓரமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு மதிற்சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அன்று இறங்கியவள்தான். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், வலிக்கும் கையோடு நடக்கிறாள். ஒவ்வொரு அடியும் தம் நெஞ்சின்மேல் விழுவதுபோல் இருந்தது அவருக்கு.

பிரேக் பேட் மாற்றினார். பிஸ்டனைக் கழற்றிக் கழுவினார். புது பிரேக் எண்ணெய் ஊற்றினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

இன்று அவளோடு ஊர்ந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு கருகல் வாடை. இடது சக்கரத்திலிருந்து மெல்லிய புகை எழுந்தது. மனைவி நின்று அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நடையைக் கட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வேறு வழியின்றி அன்று மாலை மைத்துனனைக் கூப்பிட்டார். அவன் மெக்கானிக். ஆனால் எண்ணெய்க் கையோடு சீட்டைத் தொடுகிறவன் என்று இத்தனை வருடமும் அவனைக் காரை அண்டவிட்டதில்லை. பள்ளி ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருடம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவித் துடைத்த மனிதர் அவர். ஒரு விரல் ரேகை பட்டிருந்தாலும் பொறுக்காது.

“இப்பவாச்சும் கூப்பிடத் தோணுச்சே மாமா” என்றபடி மைத்துனன் சக்கரத்தைக் கழற்றினான். பிரேக்கை மிதித்துவிட்டுக் காலை எடுக்கச் சொன்னான். சக்கரக் குடம் சுழலவில்லை. மேலே இரும்புக் குழாயின் இணைப்பைத் தளர்த்தினான். அப்போதும் அசையவில்லை. இறுக்கிவிட்டு, கீழே பிஸ்டன் அருகே இருந்த, காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தான். எண்ணெய் பீச்சியடித்தது. குடம் உடனே சுழன்றது.

“நடுவுல இருக்கிற ரப்பர் குழாய், இந்த ஹோஸ்தான் அடைச்சிருக்கு. எண்ணெயை உள்ள விடுது, திரும்ப விடமாட்டேங்குது.”

“அதுவா? வண்டியிலயே அதுதாம்ப்பா புதுசு மாதிரி இருக்கு. வாராவாரம் துடைக்கிறேனே.”

“எதால?”

“என்ஜின் ஆயில்ல துணிய நனைச்சு.”

மைத்துனன் ஹோஸைக் கழற்றிக் கத்தியால் குறுக்கே வெட்டி நீட்டினான். வெளியே பளபளப்பு. உள்ளே ரப்பர் ஊறி உப்பி, ஊசி நுழையவும் இடமில்லை.

“அந்த என்ஜின் ஆயில் இந்த ரப்பருக்கு எமன் மாமா. பச்சத் தண்ணியில துடைச்சிருந்தாலே போதும். உங்க பாசத்துக்கு இது தாங்கல.”

சிரிப்பதற்காகத்தான் சொன்னான். ஆய்வகக்காரர் வெட்டிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுக்காகக் கிடந்திருந்தால் இந்தக் கேடு வந்திருக்காது.

மறுநாள் முன்பக்கம் இரண்டு, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று என மூன்று ஹோஸும் வாங்கி வந்தார்கள். முதல் ஹோஸைத் தாமே பூட்டுவதாகப் பிடிவாதம் பிடித்தார். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தால் ஹோஸ் முறுக்கிக்கொண்டு டயரில் உரசியது. “கழட்டுங்க” என்றான் மைத்துனன். மறுபடி பூட்டினார். மறுபடி முறுக்கு. “தள்ளுங்க மாமா, பொழுது போகுது” என்று அவரை நகர்த்திவிட்டு ஐந்தே நிமிடத்தில் அவன் பூட்டியது அவருக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

பிரேக் குழாய்களிலிருந்த காற்றை வெளியேற்றி முடித்ததும் தெருவைச் சுற்றிப் பத்து முறை ஓட்டினார். திரும்பி வந்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள். குனிந்து, நல்ல கையை இடது சக்கரத்தின்மேல் வைத்தாள். எடுக்கவில்லை.

“சூடு இல்ல” என்றாள். “காலையில வர்றேன்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு, தேர்வு எழுதும் பிள்ளைபோல் ஓட்டினார். முதல் திருப்பத்தில் அவள் பக்கம் ‘தொம்’ என்று ஒரு சத்தம். பார்த்தால், அவள் இரண்டு காலாலும் தரையை உதைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் இன்னும் பிரேக்கே மிதிக்கலையேம்மா.”

“நான் மிதிச்சுட்டேன். நீங்க ரோட்டப் பாருங்க.”

மருத்துவமனை வருவதற்குள் இன்னும் பதினோரு முறை மிதித்தாள்.